அவஸ்தைப்பூசுதல்: எண்ணெய்க் கிண்ணம் யார் கையில்?

"அவஸ்தைப்பூசுதல் கொடுத்தாச்சா?" கத்தோலிக்க வீடுகளில் பெரியவர்கள் இப்படிக் கேட்டால், நோயாளி இனித் தேறமாட்டார் என்று பொருள். நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்குதான் அது.

சமஸ்கிருத 'அவஸ்தா' வெறும் நிலையைத்தான் குறிக்கும். தமிழில் அது படும் பாடாகி, கத்தோலிக்கர் வழக்கில் சாகுந்தறுவாயும் ஆனது. லத்தீனில் இச்சடங்கின் பழைய பெயரே 'கடைசிப் பூசுதல்'. ஆனால் இதற்கு ஆதாரமான புதிய ஏற்பாட்டு வசனம் யாக்கோபு 5:14இல் சாவு பற்றிய பேச்சே இல்லை. வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும், அவ்வளவுதான். அங்குள்ள கிரேக்க வினை 'அலெய்ஃபோ', சாதாரணமாக எண்ணெய் தேய்ப்பதற்கும் அதே சொல்தான். கிறிஸ்து என்ற பெயரைத் தந்த 'கிரியோ', அதாவது அபிஷேகம் செய்தல், வேறு. தமிழ் வேதாகமமும் இங்கே அபிஷேகம் என்று போடாமல் 'எண்ணெய்பூசி' என்கிறது.

சரி, பூசுவது யார்? 416இல் போப் முதலாம் இன்னொசெந்து எழுதிய கடிதப்படி, எண்ணெயை ஆயர் மந்திரிக்க வேண்டும். பூசிக்கொள்ளும் உரிமை குருக்களுக்கு மட்டுமல்ல, எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் உண்டு. தன் வீட்டு நோயாளிக்குத் தானே பூசலாம்! ஒன்பதாம் நூற்றாண்டுவாக்கில் அது குருக்களின் கைக்குப் போனது, மரணப் படுக்கைக்கும் நகர்ந்தது. 1551இல் கத்தோலிக்க ஆயர்களின் பொதுக்கூட்டமான திரெந்து சங்கம் இது குருவுக்கே உரியது என்று முத்திரையிட்டது. பாவமன்னிப்போடு சேர்ந்த கடைசிச் சடங்கு ஆனபின், குரு வரும்வரை வீடே வாசலைப் பார்த்துக் காத்திருந்தது.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'நோயாளிகளுக்குப் பூசுதல்' என்ற பெயரே பொருத்தம் என்றது. தமிழில் 'நோயில்பூசுதல்' வந்தது. நோயில் எப்படிப் பூசுவது என்று இலக்கணக்காரர் கேட்பார். நோயுற்றபோது பூசுதல் என்று விரித்துக்கொண்டால் சரி. பெயர் மாறியது, கை மாறவில்லை. திருத்தொண்டரோ (குருவுக்கு அடுத்த படியில் இருப்பவர்) பொதுநிலையினரோ (பட்டம் பெறாத சாதாரண விசுவாசிகள்) இதைச் செய்ய முடியாது என்று 2005இல் வத்திக்கான் மறுபடி சொன்னது.

நைஜீரியாவில் கதை வேறு. அங்கே யொருபா மக்களின் 'அலதுரா' சபைகள், அதாவது ஜெபிக்கிறவர்கள், 1918 விஷக்காய்ச்சலை ஒட்டி எழுந்தன. 1930இல் இலேஷா ஊரில் அலதுரா தீர்க்கதரிசி ஜோசப் பாபலோலா ஜெபித்துக் கொடுத்த தண்ணீருக்காகக் கூட்டம் திரண்டது. அவர் குருப்பட்டம் பெற்றவர் அல்ல, சாலை உருளை ஓட்டியவர். மிஷனரியிடமிருந்த அதிகாரம் தீர்க்கதரிசியிடம் போனது; நோயாளி மட்டும் பழையபடி வரிசையில்தான் நின்றார்.

இன்று சில குணமளிக்கும் கூட்டங்களில் குப்பி எண்ணெயை 'அபிஷேக எண்ணெய்' என்கிறார்கள். நோயாளிக்குப் பூசுவதற்கு அந்தச் சொல் பொருந்தாது. அபிஷேகமும் அதன் தமிழான 'அருள்பொழிவும்' ஒருவரை அரசராகவோ குருவாகவோ உயர்த்துகிற சொற்கள். இந்தக் கூட்டங்களில் 'அபிஷேகம் பெற்றவர்' என்று அறிவிக்கப்படுவது மேடையில் நிற்கும் ஊழியர்தான், பாயில் கிடப்பவர் இல்லை.