தன் அலையிலேயே மாட்டிக்கொள்ளும் படகு

டர்பன் துறைமுகத்தில் அண்மையில் ஒரு சிறு பட்டறை தன் புதிய மோட்டார் படகைத் தண்ணீரில் இறக்கியது. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ படகு மட்டும் கட்டி, அதையும் நறுக்கென்று கட்டுகிற இடம். இரட்டை உடல் படகு, நீளம் 12 மீட்டர். அதைப் பார்த்துவிட்டு வந்த சாட்ஸ்வொர்த் வாசகர் ஒருவர் எனக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறார். தூண்டில் போட விரும்புகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போவது அவர் தொழில்.

"அண்ணே, என் படகு 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) வேகத்தில் போனால் டீசல் அளவாகத்தான் செலவாகிறது. 11-க்கு ஏற்றினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு குடி குடியென்று குடிக்கிறது. 20-ஐத் தொட்டுவிட்டால் மைலுக்கு ஆகிற செலவு மறுபடி இறங்குகிறது. அந்தப் புதுப் படகு 11-இல் அலுங்காமல் போகிறதே, எப்படி? மெக்கானிக் இன்ஜெக்டரை மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடட்டுமா?"

மாற்ற வேண்டாம் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு எஞ்சின் காரணமில்லை. உங்கள் படகு தான் கிளப்பிய அலையில் தானே மாட்டிக்கொள்கிறது.

படகு நகர நீரைத் தள்ள வேண்டும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. உடலை உரசும் நீர் இழுக்கும். அந்த உராய்வு வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். இதுவரை புதிது எதுவும் இல்லை. உராய்வு மட்டும்தான் தடை என்றால் டீசல் செலவு சீராக ஏறிக்கொண்டே போயிருக்கும், 11-இல் இப்படி முரண்டு பிடித்திருக்காது. முரண்டு பிடிப்பது அலை.

அடுத்த முறை கடலுக்குப் போகும்போது பக்கவாட்டில் சாய்ந்து நீர்க்கோட்டைப் பாருங்கள். அணியத்தில், அதாவது முன்முனையில், நீர் மேடாக எழும். அதற்குப் பின்னால் ஒரு பள்ளம், அப்புறம் இன்னொரு மேடு. பாசி படிந்த கோடு ஓரிடத்தில் நீருக்குள் மறையும், ஓரிடத்தில் வெளியே தெரியும். படகு ஓடிக்கொண்டிருந்தாலும் இந்த மேடுகள் உடலின் அதே இடத்தில்தான் நிற்கும். அதாவது அலையும் படகின் வேகத்திலேயே கூட ஓடி வருகிறது.

என்னை மயக்கும் விஷயம் இதில்தான் இருக்கிறது. ஆழ்நீரில் அலை தன் இஷ்டத்துக்கு வேகம் வைத்துக்கொள்ள முடியாது. நீளமான அலை வேகமாக ஓடும், குட்டையான அலை மெதுவாக ஓடும். ஒரு வேகத்துக்கு ஒரே ஒரு நீளம்தான். வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எழுதி, அதை அதாலேயே பெருக்கி, 0.64-ஆல் இன்னொரு முறை பெருக்கினால் அலைநீளம் மீட்டரில் கிடைத்துவிடும். உங்கள் படகும் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். படகு 4 நாட்டில் போனால் கூட வரும் அலையின் நீளம் 2.7 மீட்டர், 12 மீட்டர் படகின் பக்கத்தில் நாலு மேடுகளுக்கு மேல் எண்ணலாம். 6 நாட்டில் அலை 6 மீட்டர் ஆகிவிடும், ஆக இரண்டே அலைகள். 8.4 நாட்டில் சரியாக 12 மீட்டர். ஒரு மேடு அணியத்தில், அடுத்த மேடு அமரத்தில், அதாவது பின்முனையில், நடுவில் ஒரே பள்ளம். படகு இரண்டு மேடுகளின் மேல் முன்னும் பின்னும் தாங்கி நிற்கிறது.

இப்போது த்ராட்டிலைத் தள்ளி 10 நாட்டுக்குப் போங்கள். அலை 17 மீட்டருக்கு நீண்டுவிடும். இரண்டாவது மேடு அமரத்தைத் தாண்டி 5 மீட்டர் பின்னால் போய்விடும். பின்பக்கத்தைத் தாங்க மேடு இல்லை, அது பள்ளத்தில் இறங்குகிறது. முன்பக்கமோ மேட்டின் மேலேயே நிற்கிறது. நீங்கள் சொன்ன மூக்குத் தூக்கல் இதுதான். தானே மண்ணைக் குவித்து, அந்தக் குவியல் மேல் தானே வண்டியை ஏற்றப் பார்க்கிற கதை. ஏற ஏற குவியலும் கூடவே நகரும். படகைத் தள்ளச் செலவாகும் சக்தியில் பெரும்பங்கு பின்னால் ஓடும் அலையாக மாறி, கரையில் கட்டியிருக்கும் சின்னப் படகுகளை ஆட்டிவிட்டுப் போகிறது. அந்தப் படகுக்காரர்கள் உங்களைத் திட்டுவதும் அந்த வேகத்தில்தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் வலை இழுத்துப் பிழைத்த நம் பழைய குடும்பங்கள் இந்தச் சுவரில் மோதியதே இல்லை. அலைநீளமும் படகின் நீளமும் ஒன்றாகிற வேகம்தான் எல்லை; 6 மீட்டர் துடுப்புப் படகுக்கும் 6 நாட் அளவில் அது உண்டு. ஆனால் வலையையும் ஏற்றிக்கொண்டு துடுப்பால் அந்த வேகத்தை யார் தொடுவது?

இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தியவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1867-இல் கூர்மூக்கு ஒன்று, மழுங்கல் மூக்கு ஒன்று என இரண்டு வடிவங்களை 3, 6, 12 அடி அளவுகளில் செய்து டார்ட் ஆற்றில் இழுத்துப் பார்த்தார். எல்லா வேகத்திலும் ஜெயித்த வடிவம் எதுவும் இல்லை. பிறகு பிரிட்டிஷ் கடற்படை 2,000 பவுண்ட் கொடுக்க, டார்க்கியில் தன் வீட்டருகே நீளமான தொட்டி கட்டி, 1872 முதல் மாதிரிப் படகுகளை இழுத்து அளந்தார். சிறிய மாதிரியில் அளந்ததைப் பெரிய கப்பலுக்குப் பொருத்தும் விதி அவர் கொடுத்தது. இன்றைக்கும் படகு வடிவமைப்பில் முதலில் போடுகிற எண் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் 1879-இல் இறந்தது நம் கேப் பக்கம், சைமன்ஸ் டவுனில், கல்லறையும் அங்கேதான்.

சரி, 20 நாட்டில் என்ன நடக்கிறது? அங்கே அலைநீளம் 68 மீட்டர். படகு அதற்குள் ஒரு துண்டு, அவ்வளவுதான். அந்த வேகத்தில் அடிப்பகுதி லேசாகச் சாய்ந்த பலகையாக வேலை செய்து நீரைக் கீழே அடிக்கிறது. நீர் படகை மேலே தள்ளுகிறது. உடல் எழும்ப, நனையும் பரப்பு குறைகிறது. பின்பலகையை எட்டிப் பார்த்தால் புரியும். மெதுவாகப் போகும்போது நீர் சுழன்று வந்து அதை நனைத்துக்கொண்டே இருக்கும், எக்ஸாஸ்ட் கரியும் அதில் ஒட்டும். வேகம் கூடியதும் ஒரு கட்டத்தில் நீர் விளிம்பில் கத்தியால் வெட்டியது போல அறுந்து பின்னால் போய்விடும், பலகை காய்ந்து நிற்கும்.

ஆனால் எழும்ப வேண்டுமென்றால் எடை குறைய வேண்டும். அதனால்தான் நல்ல பட்டறைகள் ஃபைபரை அச்சில் விரித்து, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, காற்றை உறிஞ்சி, ஃபைபரை இறுக்கிப் பிடிக்கும் பசையான ரெசினைத் தேவையான அளவு மட்டும் உள்ளே இழுக்கின்றன. அப்படி மிச்சம் பிடித்த எடையை ஐஸ் பெட்டியும் பெரியப்பா குடும்பமும் ஏறி ஒரே நாளில் சரிக்கட்டிவிடுவது வேறு விஷயம்.

புதுப் படகின் ரகசியம் இன்னும் எளிது. அகலமான ஒரே உடலுக்குப் பதிலாக ஒல்லியான இரண்டு. ஒல்லி உடல் நீரை மெல்லப் பிளக்கும். மேடு எழும், ஆனால் சின்ன மேடு. எல்லைக்கோடு இருந்தாலும் தாண்டுவது பெரிய காரியமாகத் தெரியாது. இதில் தென்னாப்பிரிக்காவுக்குப் பெயர் உண்டு. கேப் டவுனில் ராபர்ட்சன் அண்ட் கெய்ன் கட்டும் லெப்பர்ட் படகுகள் உலகெங்கும் ஓடுகின்றன. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹோப்பே 1980-களில் இன்னொரு படி மேலே போனார். இரண்டு உடல்களுக்கும் நடுவே நீருக்கடியில் ஒரு இறக்கையைப் பொருத்தி, எடையில் ஒரு பங்கை அதன் மேல் ஏற்றினார். ஹைசுகேட் என்று பெயர். ஒரு தொட்டியும் சில மாணவர்களும் இருந்தால் இப்படி ஒன்று பிறக்கும் என்னும்போது, ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தைத் தண்டச் செலவு என்பவர்களோடு எனக்குப் பேச எதுவும் இல்லை.

படகு இறக்கும்போது தேங்காய் உடைப்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது; சட்னிக்காவது ஆகும். டீசல் குழாயில் காந்தம் மாட்டினால் செலவு குறையும் என்று சொல்லி விற்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. காந்தம் மாட்டிய பிறகு சோதனை ஓட்டம் எந்தப் பக்கம் போனது என்று அவர்களைக் கேளுங்கள். கரையை விட்டுச் சற்று வெளியே அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஓடுகிறது. பலமான இடங்களில் விநாடிக்கு 2 மீட்டர், அதாவது 4 நாட் அளவுக்கு. அதோடு சேர்ந்து ஓடினால் காந்தம் இல்லாமலேயே ஜிபிஎஸ் உங்களைப் பாராட்டும். ஒரே தூரத்தைப் போகவும் வரவும் ஓட்டிச் சராசரி எடுத்தால்தான் அது கணக்கு.

உங்களுக்கு என் யோசனை: அவசரமில்லாத நாளில் 7.5-இல் போங்கள். அவசரமென்றால் 20-க்குப் போங்கள். நடுவில் 11-இல் மட்டும் உட்காராதீர்கள். ஏறும்போது பின்பக்கத்து ஐஸ் பெட்டிகளை முன்னால் தள்ளி, பின்பலகையின் அடியில் இருக்கும் சாய்தகடான ட்ரிம் டேப்பைக் கீழே இறக்கி, மேட்டைச் சட்டென்று தாண்டிவிடுங்கள். உங்கள் எல்லையைக் கணக்குப் போடும்போது விற்பனைக் காகிதத்தில் உள்ள மொத்த நீளத்தை எடுக்காதீர்கள், நீரைத் தொடும் நீளம்தான் வேண்டும். 12 மீட்டர் படகில் அது 10.5 மீட்டர்தான் என்றால் எல்லை 8.4 அல்ல, 7.9 நாட்.