புஷ் அவுட்: திரும்பி வந்தால் என்ன ஆடுவீர்கள்?

போன வாரம் என்னிடம் பயிற்சிக்கு வரும் ஒருவர் நைன் பாலில் பிரேக் அடித்தார். நைன் பால் என்பது 1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகளோடு ஆடும் பூல் ஆட்டம்; மேசையில் உள்ள சிறிய எண்ணைத்தான் வெள்ளை முதலில் தொடணும், 9-ஐப் போட்டவர் ஜெயிப்பார். அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடிதான் பிரேக். நல்ல அடி. 5 மூலைப் பாக்கெட்டில் விழுந்தது. ஆனால் வெள்ளைப் பந்து பக்கவாட்டுக் குஷன் ஓரமாக ஓடி, 4-க்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. 1 மேசையின் மறுகோடியில் இருந்தது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அதற்கு நேர்வழி இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு "புஷ் அவுட்" என்றார். பிரேக்குக்கு அடுத்த அடியில் வெள்ளையை வேண்டிய இடத்துக்குத் தள்ளிவிட்டு, அங்கிருந்து யார் ஆடுவது என்று எதிராளியைச் சொல்லவிடுவதுதான் புஷ் அவுட். வெள்ளைப் பந்தை மெல்ல நகர்த்தி, 1 முழுசாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தினார். எதிரே ஆடியவர் அதிகம் யோசிக்கவில்லை. குனிந்தார், 1-ஐப் போட்டார், அப்புறம் 2, 3 என்று மேசையையே காலி செய்துவிட்டார்.

"ஏன் அங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"1 தெரியணும் இல்லையா சார், அதான்."

இந்தப் பதிலை நான் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். வருஷக்கணக்கில் ஆடுகிறவர்கள்கூடச் சொல்கிறார்கள். புஷ் அவுட் என்றால் சிக்கலிலிருந்து வெளியே வருவது என்று மனசில் பதிந்துபோயிருக்கிறது. வெளியே வந்தது வெள்ளைப் பந்து, சரி. ஆனால் அடுத்த அடி யாருடையது என்று தீர்மானிக்கும் உரிமை அந்த நிமிடமே எதிராளி கைக்குப் போய்விடுகிறது. சொத்துப் பிரிக்கும்போது ஒருவர் பங்கு வைக்க, மற்றவர் முதலில் எடுப்பாரே, அந்த மாதிரி. பங்கு வைக்கிறவர், எது தனக்கு மிஞ்சினாலும் சம்மதம் என்கிற மாதிரி வைக்கணும். மேலே சொன்னவர் நல்ல பங்கையும் மோசமான பங்கையும் வைத்துவிட்டு, எதிராளியிடம் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

விதியை ஒருமுறை சரியாகப் பார்த்துவிடுவோம், பாதித் தவறுகள் இங்கேயே நடக்கின்றன. பிரேக்கில் ஃபவுல் இல்லையென்றால், அதற்கு அடுத்த ஒரே ஒரு அடிக்கு மட்டும் புஷ் அவுட் கேட்கலாம். பிரேக்கில் பந்து விழுந்திருந்தால் அடித்தவரே கேட்கலாம். விழாவிட்டால் அடுத்து வருபவர் கேட்கலாம். அந்த அடியில் இரண்டு விதிகள்தான் தளர்கின்றன: மேசையில் உள்ள சிறிய எண்ணை முதலில் தொட வேண்டும் என்பது ஒன்று, தொட்ட பிறகு ஏதாவது ஒரு பந்து குஷனில் படவேண்டும் என்பது இன்னொன்று. எந்தப் பந்தையும் தொடாமல் வெள்ளையை நாலு அங்குலம் உருட்டினாலும் செல்லும். மற்ற ஃபவுல்கள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. வெள்ளை பாக்கெட்டில் விழுந்தாலோ மேசையை விட்டு வெளியே குதித்தாலோ எதிராளிக்கு பால் இன் ஹேண்ட், அதாவது வெள்ளையைக் கையில் எடுத்து விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். புஷ் அவுட்டில் 9 விழுந்தால் அதை எடுத்துத் திரும்ப ஸ்பாட்டில் (மேசையில் குறித்த புள்ளியில்) வைப்பார்கள். வேறு பந்து விழுந்தால் விழுந்ததுதான், ஆனால் அதற்காக உங்கள் ஆட்டம் தொடராது. யார் ஆடுவது என்பதை அப்போதும் எதிராளிதான் சொல்வார்.

வாய்விட்டுச் சொல்லுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். மனசுக்குள் நினைத்துக்கொண்டு, தலையை மட்டும் லேசாக ஆட்டிவிட்டுப் பந்தை உருட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அறிவிக்காத புஷ் அவுட் சாதாரண அடியாகத்தான் கணக்காகும். 1-ஐத் தொடவில்லை, எனவே ஃபவுல். நடுவர் இருந்தால் நடுவரிடம், இல்லாவிட்டால் எதிராளியிடம் சொல்லி, அவர் "சரி" என்ற பிறகு குனியுங்கள்.

முன்பு நைன் பாலில் எந்த நேரத்திலும் புஷ் அவுட் செய்யலாம் என்று ஆடினார்கள். 1980களில்தான் பிரேக்குக்குப் பின் ஒரே முறை என்பது பரவலாக நிலைபெற்றது. பிரேக் ஒரு சூதாட்டம் மாதிரி, வெள்ளை எங்கே போய் நிற்கும் என்று முழுக்கக் கட்டுப்படுத்த முடியாது. அந்த அதிர்ஷ்டக் குறைவைச் சமன் செய்யத்தான் இந்த ஒரு அடி மிஞ்சியிருக்கிறது. அதனால்தான் இது வீணாவதைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கிறது.

சரி, எங்கே தள்ளுவது?

முதலில் 1-ஐப் பார்க்காதீர்கள். 2, 3, 4 எங்கே இருக்கின்றன, எங்காவது இரண்டு மூன்று பந்துகள் ஒட்டிக்கிடக்கின்றனவா என்று பாருங்கள். மேசை திறந்து கிடந்தால், 1-ஐப் போடுகிறவர் கடைசிவரை போய்விட வாய்ப்பு அதிகம். அங்கே நீங்கள் விட்டுவைக்கும் அடி உண்மையிலேயே கடினமாக இருக்கணும். 6-ம் 8-ம் குஷனோரம் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்றால் கதை வேறு. 1-ஐப் போட்டவரும் அங்கே போய் மாட்டுவார். அப்போது கொஞ்சம் சுலபமான அடியைக் கொடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை. இன்னொன்று, 1-ம் 9-ம் பாக்கெட்டை நோக்கி வரிசையாக நிற்கின்றனவா என்று பார்க்காமல் புஷ் செய்யவே கூடாது. அப்படி நின்றால், புஷ் அவுட்டிலேயே 1-ஐ லேசாகத் தட்டி அந்த வரிசையைக் கலைத்துவிடலாம். பந்துகளையும் நகர்த்தலாம் என்பதே பலருக்கு நினைவுக்கு வருவதில்லை; வெள்ளையை மட்டும்தான் நகர்த்துகிறார்கள்.

அதற்கப்புறம் எதிராளி. அவருக்கு ஜம்ப் ஷாட் (தடுக்கும் பந்துக்கு மேலே வெள்ளையைக் குதிக்கவைக்கும் அடி) கைவந்த கலை என்றால், தடுக்கும் பந்துக்கும் வெள்ளைக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டு வைப்பது அவருக்கு விருந்து வைப்பது. அதே இடத்தில் வெள்ளையைத் தடுக்கும் பந்துக்கு மிக நெருக்கமாக நிறுத்தினால் ஜம்ப் கியூவை எடுத்து பிரயோஜனமில்லை, குஷனில் அடித்துச் சுற்றிவரும் கிக் ஷாட்தான் வழி. பந்தின் விட்டம் 57 மில்லிமீட்டர்தான். ஒரு பந்து அகலம் இப்படி அப்படி ஆனால் ஜம்ப் ஷாட் கிக் ஷாட்டாக மாறிவிடும். அதனால் புஷ் அவுட்டை அலட்சியமாக உருட்டாதீர்கள். போடுகிற அடிக்கு எடுத்துக்கொள்ளும் கவனம் இதற்கும் வேண்டும்.

உங்களைவிடத் தேர்ந்தவரோடு ஆடும்போது சேஃப்டி (பந்தைப் போடாமல், எதிராளிக்குக் கடினமான நிலையை விட்டுவைக்கும் தற்காப்பு அடி) போட்டியில் இறங்காதீர்கள், அதில் அனுபவம்தான் ஜெயிக்கும். நீளமான, ஓரளவு நேரான ஒரு அடி உங்களுக்கு நன்றாக வருமென்றால் அதையே வையுங்கள். அவர் எடுத்துத் தவறவிட்டாலும் உங்களுக்கு லாபம், திருப்பிக் கொடுத்தாலும் உங்களுக்குப் பிடித்த அடி. நீங்கள் தேர்ந்தவராக இருந்தால் நேர்மாறு: அவர் கண்ணுக்குத் தெரியாத சேஃப்டி ஒன்று ஒளிந்திருக்கிற இடத்தில் வையுங்கள்.

நான் அன்று அந்த மாணவருக்குக் காட்டியது அதைத்தான். பந்துகளை நினைவிலிருந்து அதே இடங்களில் அடுக்கினோம். அவர் நிறுத்திய இடத்திலிருந்து ஒன்றரைச் சாண் இந்தப் பக்கம் வெள்ளையை வைத்தேன். 4 பாதி மறைக்க, 1-இன் ஓரம் மட்டும் தெரிந்தது. "இங்கிருந்து போட முடியுமா?" என்றேன். குனிந்து பார்த்துவிட்டு, "முடியாது" என்றார். "அப்போ எதிராளியும் மறுக்கலாம். உங்களிடமே வந்தால்?" நீண்ட நேரம் யோசித்தார். அப்புறம் அவராகவே கண்டுபிடித்தார்: அந்த ஓரத்தை மெல்லச் சீவினால் 1 பெரிதாக நகராது, வெள்ளை மறுகோடிக் குஷனில் பட்டு இந்தப் பக்கமே திரும்பி வந்து 7-க்குப் பின்னால் நிற்கும். முதல் இரண்டு முறை வேகம் கூடிப்போனது. மூன்றாவது முறை வெள்ளை 7-ஐ முத்தமிடுகிற மாதிரி போய் நின்றது.

இப்போது பயிற்சிக்கு வந்தால் அவர் தினமும் முதல் அரைமணி நேரம் ஒரு கூட்டாளியோடு இதைத்தான் செய்கிறார். பிரேக், கட்டாயம் புஷ் அவுட், எதிராளி எடுக்கலாம் அல்லது திருப்பலாம். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்: புஷ் செய்வதற்கு முன், திரும்பி வந்தால் என்ன ஆடுவேன் என்பதை என் காதில் சொல்லணும். நேற்று ஒருமுறை வந்து நின்று, வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மேசைக்குத் திரும்பிப் போய் இன்னொரு இடத்தைத் தேட ஆரம்பித்தார்.