பார்க்கிங் சுவரில் ஊறும் தண்ணீர்: பெயிண்டால் நிற்காது

ஐப்பசி மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் கார் பார்க்கிங்கில் சுவரின் அடிப்பகுதி மட்டும் காயவே காயாது. உப்புப் பூக்கும், பெயிண்ட் கொப்புளிக்கும். தை பிறந்ததும் சுரண்டிவிட்டு ‘வாட்டர்ப்ரூஃப்’ பெயிண்ட் இரண்டு கோட் அடிப்பார்கள். அடுத்த மழைக்கு அதுவும் உரிந்துவிடும். பெயிண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளியே மண்ணில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் அழுத்தம் இருக்கும். உள்ளே அடித்த பெயிண்டை அது பின்னாலிருந்து தள்ளுகிறது.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2 அடிக்கு 2 அடி பாலிதீன் ஷீட்டைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். ஷீட்டின் பின்பக்கம் நனைந்திருந்தால் சுவர் வழியாக ஊறுகிறது. முன்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். காற்றோட்டம் இருந்தால் போதும். பங்குனி வெயிலிலும் சுவர் ஈரமாக இருந்தால் மழையைத் தேடாதீர்கள். சம்ப்பின் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின்) நீர்மட்டத்தைக் குறித்து, வால்வுகளை மூடி, மறுநாள் காலை பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் கசிவு அங்கேதான்.

மழைத் தண்ணீர்தான் என்றால், குழி தோண்டுவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர் இறங்கும். அது எங்கே போகிறது? தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, பல வீடுகளில் குழாய் இறங்குகிற இடத்திலேயே, சுவரை ஒட்டிக் குழியைத் தோண்டிவிட்டார்கள். நல்ல சட்டம், தப்பான இடம். குழியை மூட வேண்டாம். பார்க்கிங் சுவரிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி மாற்றுங்கள். அதற்குப் போகும் குழாய்க்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம் கொடுத்தால் போதும். சுவரை ஒட்டிய தரையும் வெளிப்பக்கமாக 10 அடிக்கு 6 அங்குலம் சரிய வேண்டும். பாதிப் புகார்கள் இந்த வேலையோடு தீர்ந்துவிடும். செலவும் குறைவு.

தீராதபோதுதான் மண்ணைத் தோண்ட வேண்டும். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகாதீர்கள். ஒரே மூச்சில் முழு நீளமும் வேண்டாம், 6 அடி, 6 அடியாகத் தோண்டுங்கள். பள்ளம் 5 அடியைத் தாண்டினால் பலகை முட்டுக் கொடுக்காமல் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. சுவரைத் தேய்த்துக் கழுவி, வெடிப்பை அடைத்து, பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சை இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக அடியுங்கள். அதன் மேல் பாதுகாப்பு ஷீட் இல்லாவிட்டால், மண் நிரப்பும்போது கல் குத்திக் கிழித்துவிடும்.

பள்ளத்தின் அடியில் 110 மி.மீ. துளைக் குழாய். துளைகள் கீழே பார்க்க வேண்டும்; தண்ணீர் கீழிருந்துதான் ஏறி வரும். சுற்றிலும் 20 மி.மீ. ஜல்லி, அதைச் சுற்றி, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி. துணியை மிச்சம் பிடித்தால் களிமண் புகுந்து குழாய் அடைத்துக்கொள்ளும். சென்னை பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். களிமண்ணில் நாள்கணக்கில் நிற்கும், அங்கே இந்தக் குழாய் இல்லாமல் பூச்சு மட்டும் போதாது. மேலே கடைசி ஓர் அடிக்குக் களிமண்ணைக் கெட்டித்து மூடுங்கள்.

பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருந்து தோண்ட வழியில்லை என்றால், உள்ளிருந்துதான் செய்தாக வேண்டும். பழைய பூச்சை முழுதாகக் கொத்தி எடுங்கள். ஒழுகும் வெடிப்பை வி வடிவில் கொத்தினால் அடைப்பு பிதுங்கி வெளியே வந்துவிடும். உள்ளே அகலமாக, ஒரு அங்குல ஆழத்துக்குக் கொத்தி, நிமிடங்களில் இறுகும் சிமெண்டை அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஈரமான கான்கிரீட் மேல் கிரிஸ்டலைன் பூச்சு, அதாவது கான்கிரீட்டின் நுண்துளைகளில் படிகமாக வளர்ந்து அடைக்கும் பூச்சு. தரையும் சுவரும் சேரும் மூலையில் 2 அங்குல வளைவுப் பூச்சு கட்டாயம். ஊறல் அதிகம் வருவது அந்தக் கோட்டில்தான்.

வெளியே புதைத்த துளைக் குழாயில் சேரும் தண்ணீர் எங்காவது போய்ச் சேர வேண்டுமே! தெருக் கால்வாய் பெரும்பாலும் பார்க்கிங் தரையைவிட மேலே இருக்கும். ஆகவே ஒரு தனிக் குழி, மிதவை ஸ்விட்ச் வைத்த பம்ப், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு. பெருமழையன்று கரண்ட் போகும் என்பதால் பம்ப்பை இன்வெர்ட்டரில் இணைத்து, புரட்டாசியிலேயே நாலு குடம் தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.