அணுகல்தன்மை: கடவும் கட்டையும்

போனைத் தமிழில் வைத்திருப்பவர்கள் இந்தச் சொல்லைப் பார்த்திருப்பீர்கள். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் கொஞ்சம் கீழே போனால் ‘அணுகல்தன்மை’ என்று ஒரு வரி இருக்கும். கண், காது, கை ஒத்துழைக்காதவர்களும் போனைப் பயன்படுத்துவதற்கான ஏற்பாடுகள் அதற்குள் இருக்கும். பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் அங்கேதான் குடியிருக்கிறேன். கழுத்துப் பக்கம் தண்டுவடத்தில் அடிபட்டவன். தோள் அசையும், முழங்கை மடங்கும், விரல்கள் வேலை செய்யாது. உள்ளங்கையில் மாட்டிய பட்டையில் பென்சிலைச் செருகி, அதன் ரப்பர் முனையால் கணினி விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறேன்.

“அதென்ன கண்ணு, அணுகல்தன்மைங்கறது?” என்று அம்மா ஒருநாள் கேட்டார். காங்கயத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். “நம்ம கொறங்காட்டுக் கிளுவ வேலியில மாடு போக வரக் கடவு உட்டிருக்கறமில்லீங்கம்மா, அதாட்டத்தானுங்க” என்றேன். (கொறங்காடு எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம். கடவு அதன் வேலியில் விடும் வழி.) அம்மா சித்த நேரம் யோசித்தார். “கடவு இருந்தாப் போதுமா? குறுக்க போட்ட கட்டைய உருவறதுக்குக் கை வேணுமில்ல?”

கட்டைக்குப் பிறகு வருகிறேன். முதலில் சொல்.

ஆங்கிலத்தில் ஆக்சசிபிலிட்டி. ‘ஆக்சஸ்’ என்பதன் வேர் லத்தீன். ‘அட்’ என்றால் நோக்கி, ‘கேதெரே’ என்றால் செல்லுதல். ஒன்றை நோக்கிப் போவதுதான் அடிப்பொருள். தமிழில் ‘அணுகு’ என்பதும் அதே நடைதான். அண்மை, அண்டை, அணை எல்லாம் இதன் உறவுக்காரச் சொற்கள். வள்ளுவர் 691ஆம் குறளில், அரசரோடு பழகுகிறவர் தீக்காய்வாரைப் போல ‘அகலாது அணுகாது’ இருக்க வேண்டும் என்கிறார். அங்கே அணுகுதல் வெறும் நெருக்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் ‘அணுக்கன் திருவாயில்’ என்றே ஒரு வாசல் உண்டு. அணுக்கன் என்றால் நெருங்கியவன். (அந்த வாசலுக்கும் படி ஏறித்தான் போக வேண்டும் என்பது வேறு விஷயம்.)

ஆக, ‘அணுகல்’ மட்டும் என்றால் ஆக்சஸ். அதோடு ‘தன்மை’ சேர்ந்தால்தான் ஆக்சசிபிலிட்டி. இந்த இரண்டையும் குழப்பி எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குக் கை பரபரக்கிறது, பரபரக்கிற கை இல்லாவிட்டாலும். அணுகல் ஒரு செயல், செய்கிறவன் நான். தன்மையோ பொருளுக்கு உரியது. உப்புக்குக் கரிப்பு மாதிரி, ஒரு செயலிக்கோ இணையப் பக்கத்துக்கோ இருக்க வேண்டிய குணம் அது. இல்லையென்றால் குறை அந்தச் செயலியிலோ இணையப் பக்கத்திலோதான், என் விரலில் இல்லை.

நம் பேச்சில் இதற்குக் கிட்ட வருவது ‘எட்டுதல்’. பரணில் இருக்கிற போசியை எடுக்கச் சொல்லும்போது “எட்டுதா?” என்போம். இனிமையான சொல், ஆனால் பாரத்தைக் கையின் மேல் போட்டுவிடுகிறது. எட்டவில்லை என்றால் ஆள் குட்டை. பரண் உயரம் என்று யாரும் சொல்வதில்லை. இன்னொரு புழக்கம் ‘சிறப்பு வசதி’. இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. வசதி என்றால் கொடுப்பவர் மனசு வைத்துக் கொடுப்பது. ‘அணுகுமை’, ‘அணுகுதன்மை’ என்றும் சிலர் எழுதுகிறார்கள், குற்றமில்லை. பரவிவிட்ட ‘அணுகல்தன்மை’யையே நானும் வைத்துக்கொள்கிறேன், இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக. ஆங்கிலத்தில் சோம்பேறிகளுக்கென்று ‘ஏ11ஒய்’ என்ற சுருக்கம் இருக்கிறது. முதலெழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே 11 எழுத்து.

இனிக் கட்டை. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, இணைய உள்ளடக்கத்துக்கான அணுகல்தன்மை வழிகாட்டுதலை முதன்முதலில் 1999இல் வெளியிட்டது. எல்லாவற்றையும் விசைப்பலகையாலேயே செய்ய முடிய வேண்டும் என்பது அதில் பழைய விதி. 2023 அக்டோபரில் வந்த 2.2ஆம் பதிப்பில் எனக்கென்றே எழுதிய மாதிரி இரண்டு விதிகள் சேர்ந்தன. இழுத்து நகர்த்தச் சொல்லும் இடத்தில், இழுக்காமல் தொட்டே முடிக்க மாற்று வழி தர வேண்டும். இழுத்தே தீர வேண்டிய வேலைக்கு மட்டும் விலக்கு. பொத்தான்கள் 24க்கு 24 பிக்சலுக்குக் குறையாமலோ, குறைந்தால் சுற்றிலும் போதிய இடம் விட்டோ இருக்க வேண்டும். முதலாவது விதி சொல்வது அம்மா சொன்ன அதே கட்டையைத்தான். மாடு கட்டையை உருவாது. நானும் உருவ முடியாது.

கட்டை இல்லாத கடவுகளும் உண்டு. விண்டோஸில் ஷிஃப்ட் விசையை 5 முறை தொடர்ந்து தட்டினால் ஒரு பெட்டி வந்து கத்துமே, திருப்பூர் பிரவுசிங் சென்டர் பசங்களெல்லாம் எரிச்சலோடு மூடுகிற பெட்டி, அதன் பெயர் ஸ்டிக்கி கீஸ். கன்ட்ரோலை அழுத்திவிட்டு, பிறகு சாவகாசமாக சி எழுத்தை அழுத்தலாம். இரண்டும் சேர்ந்ததாகவே கணினி எடுத்துக்கொள்ளும். ஒரே பென்சிலோடு காப்பி பேஸ்ட் செய்கிறவனுக்கு அதுதான் இரண்டாவது கை.

சட்டமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 42ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்பத்துக்கானது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் அணுகல் என்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. வாடிக்கையாளர் யாரென்று உறுதிசெய்ய வங்கிகள் கேட்கும் கேஒய்சி சரிபார்ப்பில், கேமரா முன் கண் சிமிட்டிக் காட்ட முடியாதவர்கள் தவித்ததிலிருந்து எழுந்த வழக்கு அது.

அந்தத் தெம்பில் நானும் ஒரு வங்கிக்கு எழுதினேன். அவர்கள் செயலியில் உள்ளே நுழைய, ஒரு படத்துண்டை விரலால் இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் பொருத்த வேண்டும். பென்சிலின் ரப்பர் முனையைப் போன் திரை மதிப்பதில்லை. விரல் மூட்டால் இழுத்தால் பாதியில் நழுவும், நேரம் தீரும், வேறு படம் வரும். ஒருநாள் 9 முறை முயன்றேன். விதி எண்ணோடு விவரமாக மின்னஞ்சல் தட்டி முடிக்க ஒரு முற்பகல் ஆனது.

நான்காம் நாள் பதில் வந்தது, நல்ல தமிழிலேயே: “மேலும் உதவிக்கு அருகிலுள்ள எங்கள் கிளையை அணுகவும்.”

கிளை முதல் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது.