டவர் எடுக்கவில்லையா? புதுப் போன் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

பழைய போனில் டவர் எடுக்கவில்லை என்று தவணையில் புதுப் போன் வாங்கிவிட்டு, "இதிலும் வீட்டுக்குள் பேச முடியலையே" என்று இன்னொருவர் என் சர்வீஸ் கடைக்கு வந்திருக்கிறார். அந்தப் பழைய போனை வாங்கிப் பார்த்தேன், அதில் ஒரு பழுதும் இல்லை. சர்வீஸ் செய்பவனுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை.

"பக்கத்து வீட்டு அண்ணன் போனில் நாலு பாயிண்ட் காட்டுது, என் போனில் ரெண்டுதான்." தயவுசெய்து இதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்று எல்லா கம்பெனிக்கும் பொதுவான கணக்கு கிடையாது. அவரவர் வைத்ததுதான் கணக்கு. 2010-இல் ஐபோன் 4-ஐக் கையில் பிடித்தால் சிக்னல் விழுகிறது என்ற பிரச்சினை வெடித்தபோது, பல இடங்களில் இரண்டு கோடு அதிகமாகக் காட்டிவந்ததாக ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. கோடுகளைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' உள்ளே சிம் ஸ்டேட்டஸில் டிபிஎம் (dBm) என்று இருக்கும், சிக்னலின் பலத்தை அளக்கும் அலகு அது. 4ஜியில் மைனஸ் 90 என்றால் நல்ல சிக்னல், மைனஸ் 115 என்றால் திணறும். மைனஸ் 90 மைனஸ் 100 ஆனால், அதாவது பத்து இறங்கினால், சிக்னல் பத்தில் ஒரு பங்காகிறது. இருபது இறங்கினால் நூறில் ஒரு பங்கு.

சரி, குற்றம் யாருடையது? அதே சிம்மை, அதே இடத்தில், வேறு போனில் போட்டுப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் உங்கள் போனைக் குறை சொல்லாதீர்கள். மொட்டை மாடியில் நன்றாக எடுத்து அறைக்குள் போனதும் விழுந்தால், கான்கிரீட்டும் தகரக் கூரையும்தான் தடுக்கின்றன. தெருவிலேயே இல்லையென்றால் நெட்வொர்க்.

போன்மீதும் தப்பு இருக்கலாம். டிஸ்பிளே மாற்றிய பிறகு டவர் குறைந்தால், மாற்றிய கடைக்கே போய்க் கேளுங்கள். ஆன்டெனா கேபிளைச் சரியாக மாட்டாமல் மூடியிருப்பார்கள், எங்கள் தொழிலில் அடிக்கடி நடப்பதுதான். வெளிநாட்டிலிருந்து வந்த போன் என்றால், இங்கே 4ஜிக்கு ஓடும் பேண்டு 40 என்ற அலைவரிசை அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிக்னலைக் கூட்டித் தரும் பூஸ்டர் கருவி மட்டும் வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் அதை வைப்பது இந்தியாவில் குற்றம். அது கிளப்பும் இரைச்சல் டவரின் காதை அடைத்து, தெருவில் எல்லாருடைய அழைப்பையும் கெடுக்கும். பின்னால் ஒட்டும் சிக்னல் ஸ்டிக்கரால் ஒரு பயனும் இல்லை. வீட்டில் வைஃபை இருந்தால், டவருக்குப் பதில் அதன் வழியாகவே பேச வைக்கும் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள், அதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

அதுவும் முடியாமல் வேறு கம்பெனிக்கு மாறுவதென்றால், அந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கும் யாரையாவது வீட்டுக்கு அழைத்து, நீங்கள் வழக்கமாகப் பேசும் அறையில் நின்று பேசச் சொல்லுங்கள். அப்புறம் போர்ட் போடுங்கள்.