65 வயதில் சினைப்பைக் கட்டி

பித்தப்பைக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்திருப்பார்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரியில், ‘இடது சினைப்பையில் 4 செ.மீ. நீர்க்கட்டி’ என்று வந்திருக்கும். அம்மாவை அழைத்து வரும் மகள் உட்காரும் முன்பே, “எப்போது ஆபரேஷன், டாக்டர்?” என்பார். இப்படி வருபவர்களில் பலருக்கு ஆபரேஷனே தேவைப்படுவதில்லை.

மாதவிடாய் நின்றபின் முட்டை உருவாவது நின்று, சினைப்பை சுருங்கிவிடும். பிறகும் அங்கே கட்டி என்றால் பயம் வருவது இயல்புதான். ஆனால் ஒரே அறை, மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர், 5 செ.மீ.க்குக் குறைந்த அளவு, ரத்தத்தில் சிஏ-125 (சினைப்பைப் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதம்) இயல்பு நிலை என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு. 4 முதல் 6 மாதத்தில் மறுபடி ஸ்கேன் பார்த்தால் போதும். பல கட்டிகள் தாமாகவே மறைந்துவிடும். ஓராண்டு மாறாமல் இருந்தால் கண்காணிப்பையும் நிறுத்திவிடலாம்.

ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடுவது கட்டியின் உள்ளமைப்பை. தடுப்புகள் உண்டா, சுவரிலிருந்து முளைகள் நீட்டுகின்றனவா, திடமான பகுதியில் ரத்த ஓட்டம் தெரிகிறதா? அளவை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. மியூசினஸ் சிஸ்டடினோமா என்ற புற்றுநோயல்லாத கட்டி வயிற்றையே அடைத்துக்கொண்டு வளரக்கூடியது. முளையோடு கூடிய 3 செ.மீ. கட்டிதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கும்.

சிஏ-125 இதய செயலிழப்பிலும் கல்லீரல் சுருக்கத்திலும் காசநோயிலும்கூட எகிறும். ஆரம்ப நிலைப் புற்றுநோயில் ஏறாமலும் இருக்கும். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இதை உடல் பரிசோதனைப் பேக்கேஜில் சேர்த்து விற்பது எனக்கு உடன்பாடில்லாத வேலை.

சினைப்பையில் கெட்டியான கட்டி, வயிற்றில் நீர், நுரையீரலைச் சுற்றியும் நீர், மூச்சிரைப்பு. இதைப் பார்த்தால் முற்றிய புற்றுநோய் என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் ஃபைப்ரோமா என்ற புற்றுநோயல்லாத நார்த்திசுக் கட்டியும் அரிதாக இதே கோலத்தில் வரும். மெய்க்ஸ் சின்ட்ரோம் என்பார்கள். கட்டியை எடுத்ததும் இரண்டு இடத்து நீரும் வற்றிவிடும். திசுப் பரிசோதனை முடிவு வரும்வரை குடும்பத்தார் நம்பிக்கையை விட வேண்டியதில்லை.

ஊசி போட்டு நீரை உறிஞ்சிவிடக் கேட்பவர்களும் உண்டு. இந்த வயதில் அதைப் பொதுவாகச் செய்வதில்லை. உறிஞ்சிய நீரை வைத்துப் புற்றுநோய் இல்லையென்று உறுதி சொல்ல முடியாது. கட்டி மறுபடி நிரம்பும். புற்றுநோயாக இருந்துவிட்டால் செல்கள் வயிற்றுக்குள் சிந்தலாம். அதனால்தான் ஆபரேஷனிலும் கட்டியை உடைக்காமல் பைக்குள் போட்டு வெளியே எடுக்கிறோம்.

வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்த உணர்வு, அடிக்கடி சிறுநீர் ஆகியவை சில வாரங்கள் நீடித்தால் வாயு மாத்திரையோடு நிறுத்தாமல் ஸ்கேன் எடுங்கள். கட்டி இருப்பது தெரிந்தவருக்குத் திடீரென்று கடும் அடிவயிற்று வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.