சி.ஆர்.பி. ஏறினால் படபடப்பு திரும்பி வந்துவிடுமா?

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி காரைக்குடியில் என்னிடம் காட்ட வந்தார். 67 வயது. இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக மதுரையில் அப்ளேஷன் (கோளாறான துடிப்பைக் கிளப்பும் இடத்தை இதயத்துக்குள் போய்ச் சுட்டோ உறையவைத்தோ அடக்குகிற சிகிச்சை) செய்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மஞ்சள் பையிலிருந்து ஒரு லேப் ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "தம்பி, இதுல தடிச்ச எழுத்துல ஒண்ணு போட்டிருக்கு பாருங்க, மக சென்னையிலருந்து போன் போட்டு ஒரே அழுகை." சி.ஆர்.பி. 11. உடம்பில் அழற்சி இருந்தால் சரிசெய்த துடிப்பு மறுபடி கெட்டுவிடும் என்று மகள் எங்கேயோ படித்திருக்கிறார்.

படித்தது பொய்யில்லை. உடம்பில் எங்காவது கிருமியோ புண்ணோ வீக்கமோ இருந்தால் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கிற புரதம்தான் சி.ஆர்.பி. இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு அது அதிகமாக இருக்கிறது என்று 2001-லேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். ஷாக் கொடுத்தோ அப்ளேஷன் செய்தோ துடிப்பை நேராக்குவதற்கு முன்பே சி.ஆர்.பி. அதிகமாக இருந்தவர்களுக்குக் கோளாறு திரும்புவதும் கூடுதல் என்றுதான் பிறகு வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் சொல்கிறார்கள். அழற்சி நாள்பட்டால் மேலறைச் சுவரில் தழும்பு படியும், அப்புறம் மின்னோட்டம் நேர்வழியை விட்டுவிட்டு சந்துபொந்தெல்லாம் சுற்றத் தொடங்கும்.

சரி, அதற்காக ஆயிரம் பேரைக் கூட்டிப் பார்த்துச் சொன்னதை ஒரு ஆச்சியின் தலையில் கட்டிவிட முடியுமா? சி.ஆர்.பி. எதற்குத்தான் ஏறாது! சிக்குன்குனியா, சிறுநீர்த் தொற்று, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோன காலில் பழுத்த கொப்புளம், எல்லாவற்றுக்கும் ஏறும். போதாக்குறைக்கு ஒரு லேபில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் என்று போடுவார்கள், இன்னொன்றில் டெசிலிட்டருக்கு 0.6 என்று போடுவார்கள். இரண்டும் ஒன்றுதான், இது புரியாமல் "பத்து மடங்கு ஏறிப்போச்சு" என்று ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தவர்களும் உண்டு. அப்ளேஷனும் இதயத்துக்குள் சுட்டோ உறையவைத்தோ உண்டாக்குகிற காயம்தானே, முதல் சில நாட்கள் சி.ஆர்.பி. ஏறத்தான் செய்யும். முதல் இரண்டு மூன்று மாதங்களில் வரும் படபடப்பைச் சிகிச்சை தோற்றதாக நாங்கள் கணக்கில் எடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம். ஆச்சிக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது.

நாடியைப் பிடித்தேன், சீராகவே ஓடியது. இ.சி.ஜி.யும் சுத்தம். ஆனால் வலது கன்னம் லேசாக உப்பியிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னால், வெற்றிலைக் காவி ஏறிய கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு சிவந்து, அழுத்தினால் சீழ். "பிடுங்கணும்னாங்க தம்பி, ரத்தம் நிக்காதேன்னு அந்த மாத்திரையை நாலு நாளா நிறுத்தி வச்சிருக்கேன்" என்றார்.

எனக்கு 11 பயம் தரவில்லை, இந்த நாலு நாள்தான் பயம் தந்தது. அவர் நிறுத்தியது பிளட் தின்னர். மேலறையில் ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போய் பக்கவாதம் வராமல் காப்பது அந்த மாத்திரைதான். அதை நிறுத்தலாமா என்பது வயது, பிரஷர், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்திருக்கிறதா என்பதையெல்லாம் வைத்து முடிவு செய்வது, இன்றைக்கு நாடி சீராக இருப்பதையோ சி.ஆர்.பி. இறங்கியதையோ வைத்து அல்ல. ஒரு பல் எடுக்கப் பெரும்பாலும் பல நாள் நிறுத்தவே தேவையில்லை. பல் டாக்டரும் நானும் போனில் பேசி முடித்தோம்.

பல்லை எடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். மூன்று வாரத்தில் சி.ஆர்.பி. 2-க்கு இறங்கியது, ஆனால் அதே வாரம் மாட்டிய ஹோல்டரில் (உடம்போடு மாட்டிவிட்டு இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் சின்னக் கருவி) நாற்பது நிமிடம் பழைய கோளாறு பதிவாகியிருந்தது.

அழற்சியைக் குறைக்க மாத்திரை இல்லையா என்று மகள் கேட்டார். கோல்சிசின் என்று ஒன்று உண்டு, நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிற சரக்கு. சில ஆய்வுகளில் கைகொடுத்தது, சிலவற்றில் வயிற்றுப்போக்கைத்தான் கொடுத்தது. அதனால் எல்லோருக்கும் எழுதுவதில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் கண்வலிக்கிழங்கைத் தோண்டப் போகாதீர்கள், ஆளைக் கொல்லும் விஷம் அது.) எடைக் குறைப்புக்கு இதைவிட நல்ல சான்று இருக்கிறது: ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2015-ல் வெளிவந்த ஆய்வில், உடல் எடையில் 10 சதவீதமாவது குறைத்தவர்கள் கோளாறில்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. குறட்டையோடு மூச்சு நின்று நின்று தூங்குவதையும், பிரஷரையும், ஆண்கள் விஷயத்தில் சாயங்கால 'கொஞ்சூண்டு' மதுவையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். ஆச்சி 82 கிலோ. கல்யாண சீசன் வேறு, வீட்டுக்கு வீடு பலகாரச் சட்டி வந்து இறங்குகிறது.

"அடுத்த தடவை சி.ஆர்.பி. ரிப்போர்ட் வேண்டாம் ஆச்சி, தினமும் எடையும் பிரஷரும் குறிச்ச நோட்டு போதும்" என்றேன்.

"ரெண்டையும் கொண்டாரேன். மக சும்மா விடமாட்டா."